ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்: அடம்பிடிக்கும் இசட் டிரைவ்

வேலூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களுக்குப் போன் ஓயாத நேரம் ஒன்று உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்திய கரண்ட் திரும்பி வந்த முதல் அரைமணி அது. ஆடிட்டர் ஆபீஸ், லாட்ஜ், ராணிப்பேட்டைப் பக்கத் தோல் கம்பெனி என்று எங்கிருந்து வந்தாலும் பேச்சு ஒன்றுதான்.

"அண்ணா, காலைல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப இசட் டிரைவ் மேல செவப்பா பெருக்கல் குறி போட்டுகீது. டேலி தெறக்க மாட்டுது."

"எல்லா சிஸ்டத்துலயுமா தம்பி, உன்னுதுல மட்டுமா?"

இந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இசட் டிரைவ் என்பது வேறொரு பெட்டியில் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக இந்த சிஸ்டத்தில் இசட் என்ற எழுத்தில் காட்டுவது. அந்த ஃபோல்டர் 'ஷேர்', அதை எழுத்தோடு இணைப்பது 'மேப்' செய்வது அல்லது ஏற்றுவது, துண்டிப்பது இறக்குவது. டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா அங்கேதான் இருக்கும். எல்லா சிஸ்டத்திலும் வரவில்லை என்றால் கோளாறு ஃபைல் இருக்கிற பெட்டியிடமோ நடுவில் எல்லாக் கேபிளையும் சேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சிடமோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஒன்றைப் பார்த்தால் போதும். இதைக் கேட்காமல் எல்லாவற்றையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னால் சில நாள் சரியாகும்தான். ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த மாதம் அதே போன் வரும்.

ஏறாத டிரைவும் இறங்காத டிரைவும் பார்வைக்கு வேறு வேறு கோளாறு. நோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் எங்கோ ஒரு பழைய பிடி விடாமல் இருக்கும். பழைய ஐபி (நெட்வொர்க்கில் பெட்டியின் முகவரி எண்), பழைய பாஸ்வேர்டு, முடியாத செஷன் (சர்வருடன் திறந்த இணைப்பு), திறந்துவிட்டு மறந்த ஃபைல், இந்த நான்கில் ஒன்று. (கீழே கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

முதலில் கரண்ட் வந்த கதை. எஸ்எஸ்டி போட்ட சிஸ்டம் அரை நிமிடத்தில் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். ஃபைபர் மோடம் லைன் பிடிக்க 2, 3 நிமிடம் ஆகும். 2 டிஸ்க் போட்ட நாஸ் (ஆபீஸ் முழுவதற்கும் ஃபைல் வைக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) முழுதாக எழுந்து ஷேரைத் திறந்துவிட அதைவிடவும் அதிகம். விண்டோஸ் லாகின் ஆகும்போது ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லை என்றால் சிவப்புக் குறி போட்டுவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விடும். 5 நிமிடம் கழித்து அந்த டிரைவை இரட்டைக் கிளிக் செய்தால் பல நேரம் தானே திறந்துகொள்ளும். அதனால் வரிசை முக்கியம்: மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், பிறகு நாஸ் அல்லது ஃபைலை வைத்து ஷேர் செய்கிற மெயின் சிஸ்டம், எல்லாவற்றுக்கும் கடைசியில் மற்ற சிஸ்டங்கள்.

இதில் எல்லோரும் கோட்டை விடுவது ஸ்விட்ச்சில். நாஸ் யுபிஎஸ்ஸில் இருக்கும், ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்கும், 8 போர்ட் ஸ்விட்ச்சின் சின்ன அடாப்டர் மட்டும் பிரின்டருக்குப் பின்னால் நேரடி சுவர் பிளக்கில் தொங்கும். கரண்ட் 2 வினாடி சிமிட்டினாலும் அந்த ஸ்விட்ச் செத்துப் பிழைக்கும். எல்லா சிஸ்டமும் ஓடிக்கொண்டே இருக்க, திறந்திருந்த ஃபைல் மட்டும் அறுந்துபோகும். எர்ரர் 64 வந்தால், அதாவது 'அந்த நெட்வொர்க் பெயர் இப்போது கிடைப்பதில்லை' என்று விண்டோஸ் சொன்னால், மென்பொருளைக் குடைவதற்கு முன் குனிந்து அந்த அடாப்டரைப் பாருங்கள். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

போர்ட்டில் இருக்கும் விளக்கையும் கவனிக்கலாம். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள 4 ஜோடி கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். லாங்கு பஜார் மாதிரி இடங்களில் குடோனுக்குள் இழுத்த கேபிளில் எலி ஒரு ஜோடியைக் கடித்துவிட்டால் பல நேரம் லிங்க் விழாது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக இறங்கும். சில சமயம் 2 வேகத்துக்கும் நடுவே ஊசலாடி டிரைவை அறுத்துக்கொண்டே இருக்கும்.

விளக்கு சரியாக எரிகிறது, டிரைவ் மட்டும் வரவில்லை என்றால் அடுத்து ஐபி. ரவுட்டர் மறுபடி எழும்போது நாஸுக்குப் புது எண் கொடுத்திருக்கலாம். நேற்று 192.168.1.20ல் இருந்தது இன்று 192.168.1.7ல் இருக்கும். மேப் செய்த டிரைவோ பழைய வீட்டுக் கதவையே தட்டும். ரவுட்டர் பக்கத்துக்குப் போய், நாஸின் மேக் முகவரிக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே ஐபியை ரிசர்வ் செய்து வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. நாஸிலேயே கையால் ஐபி போட்டு வைத்தால் இன்னொரு வம்பு வரும். நெட் கம்பெனிக்காரர் மோடத்தை மாற்றிவிட்டுப் போவார், புது மோடம் 192.168.0 என்ற வரிசையில் ஓடும், நாஸ் 192.168.1ல் தனியாக உட்கார்ந்திருக்கும். ரிசர்வேஷனும் புது மோடத்தில் புதிதாகப் போட வேண்டியதுதான். ஆனால் நாஸ் தானாகவே புது வரிசைக்கு வந்துவிடும் என்பதால் தேடி அலைய வேண்டாம்.

மோடம் மாற்றினால் கூடவே வரும் இன்னொன்று: விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' என்று முத்திரை குத்திவிடும். ஃபைல் ஷேர் செய்கிற மெயின் சிஸ்டத்தில் இது நடந்தால் ஃபயர்வால் கதவைச் சாத்திக்கொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும்.

பிங் அடித்தால் பதில் வருகிறது, ஆகவே நெட்வொர்க் சரி என்று நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிங் சொல்வது பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான். ஃபைல் ஷேரிங் போவது டிசிபி 445ஆம் போர்ட் வழியாக. பவர்ஷெல்லில் 'டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்' கமாண்டுக்கு ஐபியையும் போர்ட் 445ஐயும் கொடுத்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். 'நெட்வொர்க்' விண்டோவில் நாஸ் பெயர் தெரியவில்லை என்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். பட்டியலில் தெரிவது ஒரு வழி, ஷேர் திறப்பது வேறு வழி. எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐபியை நேராகத் தட்டிப் பாருங்கள். ஐபியில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் கோளாறு பெயர் தேடுகிற இடத்தில்தான்.

இனி எர்ரர் எண்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். 53 என்றால் பெட்டியையே கண்டுபிடிக்க முடியவில்லை. 67 என்றால் ஷேர் பெயர் தவறு. 2019ல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தபோது ஆபீசில் யாராவது ஆர்வமாக கிளையன்ட் ஷேரையும் மூன்றாகப் பிரித்திருப்பார்கள். பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் ஒன்று மூலையில் இன்னும் இருக்கும். 5 என்றால் உள்ளே விட்டுவிட்டது, அந்த ஃபோல்டருக்கு அனுமதி இல்லை. 1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 1327 வந்தால் பெரும்பாலும் அந்த யூசருக்குப் பாஸ்வேர்டே வைத்திருக்க மாட்டார்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடாமல் இருப்பது விண்டோஸின் இயல்பு. கோளாறு என்று எண்ணி ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு) கிளற வேண்டாம்.

1326ல் மாட்டுபவர்களில் பாதிப் பேர் பின் நம்பரைத் தட்டுகிறவர்கள். லாகின் செய்யும் 4 இலக்கப் பின் அந்த சிஸ்டத்துக்கு மட்டுமே செல்லும், நெட்வொர்க்கில் எடுபடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அதன் முழு பாஸ்வேர்டு வேண்டும். அதைவிட, மெயின் சிஸ்டத்தில் ஷேருக்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, மேப் செய்யும்போது அந்த சிஸ்டத்தின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், யூசர் பெயர் என்ற வடிவில் கொடுப்பதே உருப்படியான வழி. முதலாளியின் சொந்தக் கணக்குப் பாஸ்வேர்டை 12 சிஸ்டத்தில் ஏற்றி வைக்கும் வழக்கம் இந்த ஊரில் நிறைய. அவர் பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் பன்னிரண்டும் படுத்துவிடும்.

அப்போதுதான் 1219 வருகிறது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய பிடி என்று சொன்னதற்கு இதுவே நல்ல உதாரணம். ஒரே சர்வருடன் ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் விண்டோஸ் பேசாது. ஸ்கேன் ஃபோல்டரை ஒரு பெயரில் திறந்து வைத்துவிட்டு, டேலி ஷேரை இன்னொரு பெயரில் மேப் செய்யப் போனால் மறுக்கும். கமாண்ட் விண்டோவில் 'நெட் யூஸ்' என்று மட்டும் தட்டினால் இப்போது இருக்கும் பிடிகளெல்லாம் பட்டியலாக வரும். அதில் டிரைவ் எழுத்தே இல்லாமல் ஐபிசி டாலர் என்று முடியும் ஒரு வரி இருந்தால் அதுதான் ஆள். 'நெட் யூஸ்', ஒரு இடைவெளி, அந்த முழுப் பாதை, '/டெலீட்' என்று கொடுத்து அதை விடுவியுங்கள். பட்டியலில் ஒன்றுமே தெரியாமல் 1219 மட்டும் வந்தால் அட்மின் கமாண்ட் விண்டோவில் 'நெட் ஸ்டாப் வொர்க்ஸ்டேஷன் /ஒய்', பிறகு 'நெட் ஸ்டார்ட் வொர்க்ஸ்டேஷன்'. சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்யாமலே பழைய செஷன்கள் போய்விடும். 'நெட் யூஸ் * /டெலீட்' எல்லாவற்றையும் ஒரே அடியாக அறுக்கும் என்பதால் இணையத்தில் அதைத்தான் முதலில் சொல்வார்கள். டேலி, எக்செல் எல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. பாதி எழுதிய டேட்டா அப்படியே நின்றுவிடும்.

பிடியை விடுவித்த கையோடு கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அந்த சர்வரின் பெயரிலும் ஐபியிலும் சேமித்திருக்கும் பழைய பாஸ்வேர்டை நீக்குங்கள். பெயருக்கு ஒன்று, ஐபிக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு 'சரியாகலயே' என்று உட்காருகிறவர்கள் உண்டு.

எர்ரர் 85 அந்த எழுத்து ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. 'நெட் யூஸ் இசட்: /டெலீட்' கொடுத்தும் இசட் இல்லை என்று சொல்லி, மேப் செய்தால் இசட் இருக்கிறது என்று சொன்னால், ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் யூசர் பகுதிக்குக் கீழே 'நெட்வொர்க்' என்ற கிளையில் இசட் என்ற சாவி தங்கியிருக்கும். அதை மட்டும் நீக்கி லாகவுட் செய்து வரவும். மேப் செய்ய எஃப், ஜி மாதிரி முன் எழுத்துகளை எடுக்காதீர்கள், பென் டிரைவ் வந்து உட்காரும் இடம் அது.

டேலிக்கு மட்டும் இசட் தெரியவில்லை, எக்ஸ்ப்ளோரரில் அழகாகத் தெரிகிறது என்ற புகாருக்குக் காரணம் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. அட்மினாக ஓடும் மென்பொருளும் சாதாரணமாக ஓடும் மென்பொருளும் விண்டோஸுக்கு இரண்டு தனித்தனி ஆள். ஒருவர் மேப் செய்த டிரைவ் மற்றவருக்குத் தெரியாது. ஐகானின் பிராப்பர்ட்டீஸில் அந்த டிக்கை எடுத்துவிடலாம். எடுக்க முடியாத மென்பொருள் என்றால் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் வரை போய் 'எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ்' என்ற டிவேர்டை (எண் பதிவை) 1 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். காலையில் தானாக மேப் ஆகட்டும் என்று டாஸ்க் ஷெட்யூலரில் போடுகிறவர்களும் இங்கேதான் இடறுகிறார்கள். லாகின் ஆன 30 வினாடி கழித்து என்று தாமதம் வைப்பது நல்லது. 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் மட்டும் வேண்டாம். வைத்தால் டிரைவ் அட்மின் பக்கம் ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

15 நிமிடம் தொடாமல் விட்டால் மெயின் சிஸ்டம் இணைப்பைத் தானே துண்டிப்பது இயல்பு. சிவப்புக் குறி விழும், தொட்டால் திரும்ப வரும். அதைத் தாங்காத பழைய பில்லிங் மென்பொருள் ஓடும் இடங்களில் மெயின் சிஸ்டத்தில் 'நெட் கான்ஃபிக் சர்வர் /ஆட்டோடிஸ்கனெக்ட்:-1' கொடுத்தால் போதும். 21வது ஆள் உள்ளே வர முடியவில்லை என்றால் அது வேறு. சாதாரண விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் ஏற்காது. அங்கே நாஸ் வாங்க வேண்டியதுதான்.

புது லேப்டாப், பழைய நாஸ் என்ற ஜோடி இப்போது தினசரிக் கோளாறு. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியது எஸ்எம்பி என்ற ஃபைல் ஷேரிங் மொழியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ல் இருந்த ஓட்டை வழியாக. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1ஐப் படிப்படியாக எடுக்கத் தொடங்கினார்கள். 2024ல் வந்த விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகையில், இன்னும் இறுக்கிவிட்டார்கள்: கையொப்பமிட்ட இணைப்பு (வழியில் யாரும் டேட்டாவை மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) கட்டாயம், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு கிடையாது. புது லேப்டாப் வாங்கி வந்த அன்றே 'பழசுல வருது, புதுசுல வரல' என்று போன் வருவது இதனால்தான். நாஸின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) புதுப்பித்து, அதில் எஸ்எம்பி 2, 3ஐ இயக்கி, கெஸ்டை மூடிவிட்டு யூசரும் பாஸ்வேர்டும் வையுங்கள். லேப்டாப்பில் எஸ்எம்பி 1ஐத் திரும்ப இயக்குவதும் கையொப்பத்தை அணைப்பதும் 5 நிமிடத்தில் முடிகிற வேலைதான். ஆனால் ஒரு பழைய பெட்டிக்காக ஆபீஸ் முழுவதையும் திறந்து வைக்கிற வேலை. ரவுட்டரின் யுஎஸ்பியில் ஹார்டு டிஸ்க் சொருகி ஷேர் செய்பவர்களும் யோசிக்க வேண்டும். மலிவான ரவுட்டர்களில் பல எஸ்எம்பி 1 மட்டுமே பேசும்.

இனி இறங்காத கதை. டிஸ்கனெக்ட் கொடுத்தால் 'ஃபைல்கள் திறந்திருக்கின்றன' என்கிறது, எல்லாவற்றையும் மூடியாயிற்று. என்ன திறந்திருக்கும்? பெரும்பாலும் எக்ஸ்ப்ளோரரே. பிரிவ்யூ பேன் ஒரு பிடிஎஃப்பைப் பிடித்திருக்கும், அல்லது படங்கள் உள்ள ஃபோல்டரில் 'தம்ப்ஸ் டிபி' என்ற மறைவு ஃபைல் பிடிபட்டிருக்கும். ஸ்கேனர் மென்பொருளின் சேமிப்பு இடம் இசட்டாக இருக்கலாம். கமாண்ட் விண்டோ ஒன்று இசட் மேலேயே உட்கார்ந்திருக்கலாம். ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பகுதியில் ஹேண்டில்ஸ் (எந்த மென்பொருள் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியல்) தேடும்போது 'இசட்' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம்.  ஃபோல்டர் பெயரைத் தேடுங்கள்.

நாஸ் செத்துவிட்டது, டிரைவ் மட்டும் தொங்குகிறது என்றால் வலது கிளிக் செய்யாதீர்கள், எக்ஸ்ப்ளோரர் உறைந்துவிடும். கமாண்ட் விண்டோவில் 'நெட் யூஸ் இசட்: /டெலீட் /ஒய்'. இது நிரந்தர மேப்பையும் சேர்த்து எடுத்துவிடும், நாஸ் வந்ததும் புதிதாக மேப் செய்ய வேண்டும்.

மெயின் சிஸ்டத்தில் சொருகிய யுஎஸ்பி டிஸ்க்கை ஷேர் செய்திருந்தால் இறக்குவது இன்னும் வம்பு. 'டிவைஸ் பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லும், யார் என்று சொல்லாது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுக்குப் போய் கெர்னல் பிஎன்பி என்ற மூலத்தில் 225ஆம் எண்ணைத் தேடுங்கள். எந்த மென்பொருள் தடுத்தது என்று பெயரோடு எழுதியிருக்கும். பிராசஸ் எண் 4, 'சிஸ்டம்' என்று இருந்தால் ஷேரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 'எஃப்எஸ்எம்ஜிஎம்டி டாட் எம்எஸ்சி'யைத் திறந்தால் ஷேர்ஸ், செஷன்ஸ், ஓபன் ஃபைல்ஸ் என்று மூன்று பட்டியல் இருக்கும். யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவரிடம் சொல்லி மூடவைத்து, செஷனை மூடி, ஷேரை நிறுத்தி, அதன்பின் எஜெக்ட். அதுவும் ஆகவில்லை என்றால் ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், டிஸ்க்கின் கணக்கை முழுதாக முடித்திருக்காது. நாஸில் சொருகிய யுஎஸ்பி டிஸ்க்கை நாஸின் பக்கத்திலிருந்துதான் இறக்க வேண்டும், பேக்கப் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் டிஸ்க் இறங்காமல் அடம்பிடித்தால் 'எல்எஸ்ஓஎஃப்' யார் என்று காட்டும். வால்யூம்ஸ் ஃபோல்டரில் பெயருக்குப் பின்னால் -1 சேர்ந்து ஏறினால், பழைய காலி ஃபோல்டர் ஒன்று அதே பெயரில் தங்கியிருக்கிறது. அதை 'ஆர்எம்டிஐஆர்' கொண்டு மட்டும் நீக்குங்கள், காலியாக இல்லாவிட்டால் அது மறுத்துவிடும். 'ஆர்எம்' என்பதோடு ஆர் சேர்த்து அடித்து, அந்த ஃபோல்டரில் ஷேர் இன்னும் ஏறியிருந்தால், சர்வரில் இருக்கும் ஃபைல்கள் போய்விடும். லினக்ஸில் எர்ரர் 112 வந்தால் சர்வர் இறந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், எஸ்எம்பி பதிப்பு ஒத்துப்போகாவிட்டாலும் அதையே சொல்லும். 'டார்கெட் இஸ் பிஸி' என்றால் 'ஃப்யூசர்' கொண்டு ஆளைப் பிடிக்கலாம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபேக்டரி, வேலூரில் வீடு, இரண்டுக்கும் நடுவில் டிரைவ் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 445ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பல நெட் கம்பெனிகள் அதை வழியிலேயே தடுத்துவிடும், தடுக்காவிட்டால் இன்னும் ஆபத்து. விபிஎன் (இணையத்துக்குள்ளேயே பாதுகாப்பான தனிப்பாதை) போடுங்கள். போட்டும் டிரைவ் ஏறவில்லை என்றால் இரண்டு பக்க ஐபி வரிசையையும் பாருங்கள். வீட்டிலும் ஃபேக்டரியிலும் 192.168.1 என்றால் 192.168.1.20 என்று கேட்டதும் லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடும், விபிஎன் பக்கம் போகாது. ஃபேக்டரி வரிசையை 192.168.47 மாதிரி யாரும் வைக்காத ஒன்றாக மாற்றுங்கள். டிரைவ் ஏறிய பிறகும் அதன் மேல் டேலியைத் திறக்க வேண்டாம். நெட் ஒருமுறை சிமிட்டினால் டேட்டா பழுதாகும். அதற்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போய் அங்கேயே திறப்பதுதான் சரி, டிரைவை ஃபைல் எடுக்க வைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதாந்திர மின்தடை அறிவிப்பு வந்தால் இறக்கும் வரிசை ஏற்றியதற்கு நேர்மாறு. டேலியை மூடி, சிஸ்டங்களை அணைத்து, பிறகு நாஸின் பவர் பட்டனை அதன் கையேட்டில் சொன்னபடி அழுத்திப் பிடியுங்கள். டிஸ்க் விளக்குகள் அணைந்து விசிறி நிற்கும்வரை பிளக்கில் கை வைக்க வேண்டாம். யுபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் இழுத்து, பேட்டரி குறைந்தால் தானே அணையும்படி நாஸில் செட் செய்துவிட்டால் இதையும் யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பல யுபிஎஸ் பெட்டிகளில் அந்தக் கேபிள் வாங்கிய நாளிலிருந்து அட்டைப்பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடக்கிறது.